கைமாறு கருதாத மாதம்

மலையில் எதையும் முழுதாகப் பார்க்க முடியாது. எதிரே வருகிற ஆள் பாதி தெரிவார், மீதிப் பாதி வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பார். மழைகூட ஒரு சரிவில் பெய்யும், அடுத்த சரிவு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தானோ என்னவோ, கீழே ஊரில் ஒரு முகாம் நடக்கப் போகிறது, கண்ணுக்கு எட்டியவரை தட்டையாகக் கிடக்கும் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. தட்டையான நிலத்தை நினைத்து நாக்கில் நீர் ஊறியது எங்கள் வகுப்பிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கும். மற்றவர்கள் முகாமில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டார்கள்.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்குப் புது டீச்சர் வந்திருந்தார். ஆலங்காயத்திலிருந்து காலைப் பேருந்தில் ஏறி வருவார், சாயங்காலப் பேருந்தில் இறங்கிப் போவார். அறிவியல் நடத்த வந்தவரிடம் சாரணியர் படையையும் நடத்தச் சொல்லிவிட்டார்கள். எங்கோ போய்ச் சில நாள் பயிற்சி எடுத்துவிட்டு, ஒரு விசில், ஒரு சுருள் கயிறு, கழுத்தில் கட்டுகிற துணிகள் கொஞ்சம், அட்டை போன ஒரு சின்னப் புத்தகம் ஆகியவற்றோடு திரும்பி வந்தார். அந்தப் புத்தகம் சொல்வதுதான் சட்டம். ஆனால் அது எதையும் ஒரு வரியில், மிஞ்சிப்போனால் ஒன்றரை வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அதில் சொன்ன தேர்வுகளில் முதற்படி சுலபம். சல்யூட், உறுதிமொழி, இடது கையால் கைகுலுக்குவது, சில முடிச்சுகள். ஆட்டையும் விறகையும் கட்டிப் பழகிய எங்களுக்கு அந்த முடிச்சுகள் எல்லாம் ஏற்கெனவே தெரியும், அவற்றுக்குப் பெயர் உண்டு என்பதுதான் தெரியாது. பெயரை மனப்பாடம் செய்து முதற்படி ஏறிவிட்டோம்.

இரண்டாம் படி ஏறியவர்கள்தான் முகாமுக்குப் போகலாம். அதில் தீ மூட்ட வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும், திசை சொல்ல வேண்டும். எல்லாம் செய்துவிடலாம். ஒரு வரிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. ஒரு மாத காலம், நாள்தோறும் ஒரு நற்செயல், கைமாறு கருதாமல்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டினால் அது நற்செயலா? அம்மா சொல்லிக் கட்டினால்? அம்மா சொல்வதற்கு முன்பே கட்டலாம் என்று நினைத்து எழுந்து, அதற்குள் அம்மா சொல்லிவிட்டால்? உதவி கேட்காதவருக்கு உதவி, அவர் திட்டினால் அது கணக்கில் வருமா? கீழே விழுந்த குழந்தையைத் தூக்குவது நற்செயல், சரி, தூக்கி மறுபடி தவறவிட்டால்? நான் தூங்காமல் யோசித்த முதல் விஷயம் இதுதான். டீச்சர் வகுப்பறையில் கால்வாசிக் கேள்விக்குப் பதில் சொன்னார். மீதியை நான் சாயங்காலம் பேருந்து நிறுத்தம் வரை அவர் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

அவர் சொன்ன தீர்ப்புகள் இவை. சொந்த வீட்டு வேலை சேராது. வெளியார் கேட்டுச் செய்தாலும் நற்செயல், கேட்காமல் செய்தாலும் நற்செயல். சின்னதா பெரியதா என்று பார்க்க வேண்டாம். கைமாறு என்றால் காசு மட்டும்தானா என்று நான் கேட்கும்போது பேருந்து வந்துவிட்டது. கூட்டம். அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அப்போதும் நான் விடவில்லை, ஜன்னலோரமாக ஓடினேன். டீச்சர் வெளியே தலையை நீட்டி, "ஒரு டம்ளர் தண்ணிகூட வாங்கக் கூடாது. போதுமா? வீட்டுக்குப் போ" என்றார்.

"வாங்கினா?"

"வாங்கினா மறுபடி முதல் நாள்லேர்ந்து செய்யணும்."

பேருந்து வளைவில் பாதியாகி, பிறகு இல்லாமல் போனது. அவர் சலிப்பில் சொன்னாரா, சட்டமாகச் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்கிற வயது எனக்கில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து வந்த வார்த்தை எனக்கு மலை உச்சியிலிருந்து வந்த வார்த்தையாக இருந்தது.

ஆனால் எங்கள் ஊரில் கைமாறு இல்லாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. இன்று உன் கொல்லையில் நான் களை எடுத்தால், நாளை என் கொல்லையில் நீ எடுப்பாய். எடுத்தவர்கள் அந்தக் கொல்லையிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சாப்பிடாமல் எழுந்தால் மனக்கசப்பு என்று அர்த்தம். நான் ஒரு வீட்டு வாசலைப் பெருக்கினேன். மறுநாள் காலை அந்த வீட்டம்மா வந்து எங்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அம்மா பதறிப்போய் விளக்குமாற்றைப் பிடுங்கினார். இன்னொரு வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். சாயங்காலமே அவரைக்காய் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, அம்மாவுக்கு. அம்மா வாங்கினால் அது நான் வாங்கியதாகுமா? டீச்சரிடம் ஓடினேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, அதை விட்டுவிடு, இனிமேல் பார்த்துக்கொள் என்றார். அந்த வாரத்தை நான் கணக்கில் சேர்க்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

"உங்கம்மா இன்னா கேக்கச் சொல்லி அனுப்பிச்சா?" என்று ஒரு தாத்தா நேராகவே கேட்டுவிட்டார். ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை என்றேன். "அப்ப பெரிசாத்தான் ஏதோ கேக்கப் போறீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு வேண்டியது, இந்த விதியைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு வீடு. அப்படி ஒரே ஒரு வீடுதான் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய பலா மரங்களுக்கு நடுவில். அந்த வீட்டு அக்கா ஜமுனாமரத்தூர் விடுதியில் தங்கிப் பத்தாவதும் அதற்கு மேலும் படித்தவள். சட்டம் பேச ஆள் வேண்டுமென்றால் படித்த ஆளாகத்தானே பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த அக்காவைத்தான் என் சித்தப்பாவுக்குக் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு இதில் பெரிய ஆசை. இரண்டு வீட்டுக் கொல்லையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன, ஓடைத் தண்ணீரும் பொது. பெண்ணின் அப்பாவுக்கும் சம்மதம்தான். ஆனால் அக்கா வேலூரில் நர்ஸுப் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள், இடமும் கிடைத்திருந்தது. ஆடி பிறப்பதற்குள் பேச்சு முடிந்தால் கல்யாணம். முடியாவிட்டால் வேலூர். எது நடக்க வேண்டுமென்று அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊசி போடுவதைவிட எங்கள் வீட்டுக்கு வருவது நல்லதென்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தப்பாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது.

அக்காவிடம் போய் இரண்டாம் படியைப் பற்றிச் சொன்னேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அதுவரை எங்கள் ஊரில் யாரும் அதை முழுதாகக் கேட்டதில்லை. பாதியிலேயே சிரிப்பார்கள், அல்லது ஆட்டைத் தேடிப் போய்விடுவார்கள். இவள் கேள்வி கேட்டாள். அதுவும் என் கேள்விகளைப் போலவே கேட்டாள்.

"நான் இன்னா குடுத்தாலும் துன்ன மாட்டியா?"

"மாட்டேன்க்கா."

"பலாச்சுளை?"

நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு, மாட்டேன் என்றேன்.

"எங்கம்மா கெஞ்சினா? எங்கப்பா கோச்சுக்கினா?"

"டீச்சர் ஒரு டம்ளர் தண்ணிகூட கூடாதுன்னாங்க."

அவள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள். "இத எடுத்துக் குடு." கொடுத்தேன். "இது நற்செயலா?"

யோசித்தேன். சின்னது பெரியது இல்லை என்பது தீர்ப்பு. ஆமாம் என்றேன்.

"அப்ப இதுக்கு மேல இன்னிக்கு இந்த வூட்டுல உனக்கு ஒண்ணும் எறங்காது."

"எறங்காதுக்கா."

அவள் பலா மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "தெனம் வா பாப்பா. உன்னோட மாசம் முடியற வரைக்கும் இங்கயே வா. வேலைக்கா பஞ்சம்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு படித்த பெண் சாரணியர் இயக்கத்தின் அருமையை உணர்ந்துவிட்டாள்.

அதன் பிறகு என் நாட்கள் ஒழுங்காக நகர்ந்தன. பள்ளிவிட்டு ஓடையைத் தாண்டுவேன். அக்கா ஏதாவது வேலை வைத்திருப்பாள். தண்ணீர் மொண்டு ஊற்றுவேன், சாமை புடைக்கும்போது முறத்தைப் பிடிப்பேன், பலாப்பழம் அறுக்கும்போது கத்திக்கு எண்ணெய் தடவித் தருவேன். பலாப்பழம் அறுக்கும் வீட்டில், பழத்துக்குப் பக்கத்தில், அதைச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்பதை எழுதிக் காட்ட முடியுமா தெரியவில்லை. வாசனை காதுக்குள்கூடப் போகும். சுளையைப் பிரிக்கும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும், அது யாரோ என் பெயரைக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

வேலை முடிந்ததும் அக்கா வாசலுக்கு வந்து நின்றுகொள்வாள். ஓடைக்கரையில் துணி துவைப்பவர்களுக்கெல்லாம் கேட்கிற குரலில், "துன்னுட்டுப் போ பாப்பா, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்பாள். நானும் அதே அளவு குரலில், "வேணாம்க்கா, கூடாது" என்பேன். அவள் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். நான் சல்யூட் அடித்துவிட்டு ஓடுவேன். அக்கா ஏன் அவ்வளவு சத்தமாகக் கேட்கிறாள் என்று ஒருநாள் தோன்றியது. என் உறுதி ஊருக்கே தெரியட்டும் என்று நினைக்கிறாள் போலும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஊருக்கே தெரிந்துதான் போனது. ஆனால் ஊர் வேறு ஒன்றைத் தெரிந்துகொண்டது.

சம்பந்தம் பேசும்போது எங்கள் ஊரில் பெரியவர்கள் வாயைத் திறந்து சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட மாட்டார்கள். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது, நாளைக்கு ஒரே ஓடையில் தண்ணீர் மொள்ள வேண்டும். அதனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும். அவர்கள் சாப்பிடச் சொல்வார்கள். பிள்ளை சாப்பிட்டுவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம். சாப்பிடாமல் வந்தால் இல்லை. பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, மிரட்டி ஊட்டியது செல்லாது. பிள்ளையின் கை தானாகத் தட்டுக்குப் போக வேண்டும். யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது, பிள்ளைக்குப் பசி இல்லை, அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாத பிள்ளையைத்தான் அனுப்புவார்களாம், தெரிந்துவிட்டால் அது நடிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது பெண் வீட்டார் நிலையை யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை தினமும் வருகிறது. சாணி வாருகிறது, தண்ணீர் தூக்குகிறது, முறம் பிடிக்கிறது. பெண் வீட்டுக்கு இவ்வளவு உழைக்கிற பிள்ளை, தட்டை நீட்டினால் மட்டும் கும்பிடு மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிப்போகிறது. இதற்கு என்ன அர்த்தம் எடுப்பது? சம்மதம் என்றால் சாப்பிட வேண்டும். இல்லை என்றால் எதற்கு வேலை செய்ய வேண்டும்? அக்காவின் அப்பா, அந்த வீட்டு மாமா, பல ராத்திரி இதை யோசித்தாராம். கடைசியில், இரண்டு வீட்டுக்கும் உறவான ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றால் ஒரு தடவை சொன்னால் போதும், தினமும் வந்து வேண்டாம் என்று சொல்வது நியாயமா என்று.

அன்று எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா, நான். நான் இரண்டாம் படியை விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் வரை வந்ததும், "எவன்டா எழுதினது இத" என்றார். அம்மா அப்போதுதான் அந்தப் பிள்ளை அனுப்புகிற வழக்கத்தை எனக்குச் சொன்னார். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று நினைத்திருப்பார்.

"புள்ள பரீட்சைக்குச் செய்யுது, வுடேன்ணா" என்று சித்தப்பா டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டே சொன்னார். அவருக்கு அந்த அக்காவைப் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எல்லாரையும் பிடிக்கும். யாரைக் கட்டிக்கொண்டாலும் சந்தோஷமாக இருந்துவிடக்கூடிய ஆள்.

"நீ இன்னாடா பேசற. ஆடி வந்துகினே கீது" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, மிரட்டினால் செல்லாது. "ஞாயித்துக்கெழம நாமெல்லாம் போறோம். அவங்க சோறு போடுவாங்க. நீ துன்னா நல்லாருக்கும்" என்று, கிட்டத்தட்ட என்னிடம் வேண்டிக்கொள்வது போலச் சொன்னார்.

சாப்பிட்டால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினால் மாதம் முடிவதற்குள் முகாம் போய்விடும். அந்தத் தட்டையான மைதானம் என்னை விட்டுவிட்டு அங்கேயே கிடக்கும். சாப்பிடாவிட்டால் அக்கா எங்கள் வீட்டுக்கு வரமாட்டாள். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். ஒடித்துக்கொண்டிருக்கும்போது, கையில் கிளையோடு, அப்படியே நின்றுவிட்டேன்.

கைமாறு என்றால், ஒன்று செய்ததற்கு வாங்குவது. ஒன்றுமே செய்யாவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எந்த வேலையும் செய்யாமல், அன்றைய நற்செயலை வேறு எங்காவது முடித்துவிட்டுப் போனால், அங்கே சாப்பிடுவது எதற்கும் கைமாறு ஆகாது. அது வெறும் சோறு.

வெள்ளிக்கிழமை டீச்சரிடம் கேட்டேன். அவர் முதல் தடவையாக நெற்றியைப் பிடிக்காமல் என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சிருக்கே. தாராளமா சாப்பிடலாம்" என்றார். நான் பறந்து அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தச் செய்தியில் அவளைவிடச் சந்தோஷப்பட வேண்டியவர்கள் யார் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு எந்த வேலையும் வைக்கக் கூடாது, ஒரு கொட்டையைக்கூட எடுத்துக் கொடுக்கச் சொல்லக் கூடாது, அப்போதுதான் நான் சாப்பிட முடியும், சாப்பிட்டால்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வர முடியும்.

அக்கா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விறகைத் தள்ளிவிட்டு, "உங்க டீச்சரும் சரின்னுட்டாங்களா?" என்றாள்.

"தாராளமான்னாங்க."

"சரி பாப்பா. அன்னிக்கு உனக்கு ஒரு வேலையும் கெடையாது" என்றாள். அடுப்புப் புகையில் அவள் கண் சிவந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, தெருக் கோடியில் ஒரு பாட்டியின் கோழியைப் பிடித்துக் கொடுத்து அன்றைய கடமையை முடித்துக்கொண்டேன். பிறகு சாரணியர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு, எல்லாரோடும் ஓடையைத் தாண்டினேன். அந்த வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் உட்கார்ந்து மழையைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் பேசினார்கள். எதைப் பற்றிப் பேச வந்தார்களோ அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் முன்னால் இலை வந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஓரத்தில் பலாச்சுளை, எண்ணெய் பூசியது போல மின்னிக்கொண்டு. இத்தனை நாளாகப் பார்த்துப் பார்த்து விட்ட சுளை. நான் கையை இடுப்போடு சேர்த்துவைத்துக்கொண்டு, எதையும் தொட்டுவிடாமல், யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுத்துவிடாமல், சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"துன்னும்மா" என்றார் அந்த வீட்டு மாமா.

எல்லாரும் மழையைப் பார்ப்பது போல எங்கோ பார்த்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்கள். நான் கையை எடுத்தேன்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து குடத்தோடு வந்தாள். புதுச் சேலை. என் பக்கத்தில் வந்து நின்று, "பாப்பா, அந்தச் சொம்ப இப்பிடி எடு" என்றாள்.

சொம்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கை எனக்கு முன்பே போய்விட்டது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்ல ஒத்தாச பண்ண" என்றாள்.

அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தேன். ஐயோ அக்கா, மறந்துட்டியா என்று வாய் வரை வந்தது. அவள் குடத்திலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதிலேயே கவனமாக இருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கையை இலையிலிருந்து பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா?" என்றார் மாமா.

"இப்ப ஒத்தாச பண்ணிட்டேன் மாமா. துன்னக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, கன்னத்தில் அதன் சூடு மட்டும் தெரிந்தது. மாமா தோள் துண்டை எடுத்து மெதுவாக மடித்தார். "பெரியவங்க இத்தினி பேர் குந்திகினு கீறோம். அப்பவும் புள்ள கை போவல. சரி, அதுக்குப் பசியில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. வழக்கம் எதற்காக இருந்ததோ அதைச் சரியாகச் செய்தது. மறுபடி மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு எழுந்தோம். அக்கா அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அப்பா ஓடை நடுவில் கல்லின் மேல் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த டீச்சரம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" ஆகிவிட்டது என்றேன். "நல்லது" என்று அடுத்த கல்லுக்குத் தாண்டினார். சித்தப்பா அடுத்த தை மாதம் அமிர்தி பக்கத்தில் பெண்ணெடுத்தார். இன்றைக்கும் அந்தச் சித்தியும் அவரும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அக்காவை நினைத்து. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன். கல்யாணப் பதற்றத்தில் மறந்திருக்கிறாள். ஒரு சொம்பு தண்ணீருக்காகத் தன் வாழ்க்கையைத் தானே தொலைத்துக்கொண்டாளே என்று ஊரும் சொன்னது. அதற்குள் ஆடி வந்துவிட்டது. பாவம், பேச்சு முறிந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, படிக்கவாவது போகட்டும் என்று அவள் அப்பா வேலூருக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

அவள் கிளம்பிய காலையில் நான் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். என் மாதத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவள் தகரப் பெட்டியை வாங்கி, தலையில் வைத்துச் சுமந்துபோய், பேருந்துக்குள் இருக்கைக்கு அடியில் தள்ளிக் கொடுத்தேன். அன்றைய நற்செயல் முடிந்தது. கவலப்படாதக்கா என்று மட்டும் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

பேருந்து உறுமத் தொடங்கியதும் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினாள். வறுத்த பலாக்கொட்டை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கூடாதுக்கா. பொட்டி தூக்கினேன்ல."

"தெரியும். இது பொட்டி தூக்கினதுக்கு இல்ல. நீ வாங்கலாம்."

யோசித்தேன். பெட்டி தூக்கியதற்கு இல்லை என்றால் கைமாறு இல்லை. வாங்கலாம்தான். வாங்கிக்கொண்டேன். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"பின்ன எதுக்குக்கா?"

அவள் சிரித்தாள். கல்யாணம் முறிந்த பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பேருந்து வளைவில் பாதியாகி, பிறகு அவளும் தெரியாமல் போனாள். நான் சாலையோரத்தில் நின்று ஒவ்வொரு கொட்டையாக உடைத்துத் தின்றுகொண்டே, அந்தப் பக்கம் பெருக்கியது, இந்தப் பக்கம் தண்ணீர் மொண்டது என்று எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். அதெல்லாம் நற்செயல், அதற்கு அவள் எதுவும் தரமாட்டாள், அவளுக்குச் சட்டம் தெரியும். அவை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அவளுக்கு நான் செய்தது ஒன்றுதான் மிஞ்சியது. அவள் கல்யாணத்தைக் கெடுத்தது. அதற்கெல்லாமா யாராவது பலாக்கொட்டை வறுத்துக் கொடுப்பார்கள்?